பாலேஸ்வரி மிஸ் கீறிய கில்லவீன்

வெள்ளவத்தையில் பாலேஸ்வரி மிஸ்ஸிடம் ஒருதரம் வழி கேட்டவர்கள் இரண்டாம்தரம் கேட்பதில்லை. சந்தைக்கு எப்படிப் போவது என்று கேட்டால், "நேரை போய் இடப்பக்கம் திரும்புங்கோ" என்று மற்றவர்களைப்போல அவர் சொல்லமாட்டார். "தெற்கை முன்னூற்றுப் பத்து யார் போங்கோ, ஒரு மதகு வரும். அதிலையிருந்து கிழக்கை அறுபது" என்று கெஜக் கணக்கில் சொல்வார். கேட்டவர் தெற்கு எது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, மிஸ் தன்பாட்டில் போய்விடுவார். ஆனால் பொறுமையாக அடியெண்ணி நடந்தவர்கள் சந்தை வாசலில்தான் போய் நின்றார்கள். ஓரடி பிசகியதாக இதுவரை ஒருவரும் வந்து முறையிடவில்லை.

மிஸ் என்றதும் பள்ளிக்கூட ரீச்சர் என்று நினைத்துவிடக்கூடாது. அது வேலை செய்த கந்தோரில் ஒட்டிக்கொண்ட பட்டம். 1964இல், இருபது வயதில், நில அளவைத் திணைக்களத்தில் ட்ரேசராகச் சேர்ந்தார். சேவையர்மார் வெயிலில் அளந்து பென்சிலால் கீறிக் கொண்டுவரும் படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, கோட்டுக்குக் கோடு மையால் பிரதி எடுக்கிற வேலை. பிழைத்தால் பிளேட்டால் சுரண்ட வேண்டும். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து மினுக்கிவிட்டுத்தான் மறுபடி கீறலாம், இல்லாவிட்டால் மை ஊறிப் பரந்துவிடும். முப்பத்தொரு வருடம் தேய்த்ததில் அவருடைய வலது பெருவிரல் நகம் தட்டையாகிவிட்டது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "இலங்கை முழுக்கக் கீறியாச்சு, இனி ஒரு குசினிக்குள்ளை என்னத்தைக் கீறுறது" என்று சிரித்துச் சமாளித்தார். பிறகு அவர்களும் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அவர் இருந்த அறை எரிந்தது. மூன்று கிழமை, இருபத்தொரு நாள், அகதி முகாமில் கிடந்தார். நாலாம் கிழமை இரவல் சேலையோடு கந்தோருக்குப் போய், மேசையில் பாதியில் நின்ற படத்தைத் தூசி தட்டி, காய்ந்துபோன பேனையைக் கழுவி, விட்ட கோட்டிலிருந்து தொடங்கினார். கூட வேலை செய்த சிங்களப் பெண்ணொருத்தி அதைப் பார்த்து அழுதுவிட்டாள். மிஸ் அழவில்லை. "இந்த ஆத்தங்கரை ரெண்டு நாளிலை முடியோணும்" என்றார். அப்படியொரு மனுசி.

அந்தக் கந்தோரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு படத்தின் வலதுபக்கக் கீழ்மூலையிலும் மூன்று கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், பிரதி எடுத்தவர், சரிபார்த்தவர். முதலிரண்டிலும் ஒரே ஆள் பெயர் போடலாம். மூன்றாவதில் கட்டாயம் வேறொருவர் கையெழுத்து வேண்டும். தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக யாரோ ஒரு புண்ணியவான் வெள்ளைக்காரன் காலத்திலேயே வைத்த சட்டம். மூன்றாம் கட்டம் வெறுமையாக உள்ள படம் கந்தோர் வாசலைத் தாண்டாது. மிஸ் தன் காலத்தில் அப்படியொரு படத்தைத் தாண்டவிட்டதில்லை.

தொண்ணூற்றைந்தில் ஓய்வுபெற்றார். வெள்ளவத்தையில் மர்லியா என்ற பெண்ணின் வீட்டுப் பின்னறையில், ஒரு கட்டிலோடும் கட்டிலைவிடப் பெரிய மேசையோடும் குடியிருந்தார். தங்கை கௌரி டொக்டர். கணவனோடு அயர்லாந்துக்குப் போய், கில்லவீன் என்ற சின்னக் கிராமத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். நானூறு சனம், இரண்டாயிரம் மாடு, ஓயாத மழை என்று அவள் எழுதுவாள். தொண்ணூற்றேழு தை மாதம் அவளிடமிருந்து ஒரு தடித்த கடிதம் வந்தது.

அந்த ஊர்ச்சனம் ஒரு சங்கம் வைத்திருந்தது. ஊரிலுள்ள பழைய இடங்களையும், அங்கே வாழுகிற பறவை, மிருகங்களையும் ஒரு படத்தில் போட்டு, ஓகஸ்ட் மாதம் சந்தியில் பலகையாக நிறுத்த ஆசைப்பட்டார்கள். கீற ஆளில்லை. கௌரி சும்மாயிருக்காமல், "என்ரை அக்கா கீறுவா" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டாள். பழைய வரைபடம் ஒன்றின் கொப்பியும் நாற்பது போட்டோவும் அனுப்பியிருந்தாள்.

மிஸ்ஸுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். அளக்காத ஊரைக் கீறுவதா? அன்றைக்கே மறுத்து எழுத உட்கார்ந்தார். எழுதும்போது போட்டோக்களை ஒருதரம் புரட்டினார். கல்லுப் பாலம். அதன் கீழே நீர்நாய் ஏறிக் குந்தும் ஒரு பாறை. துணிக்கிழிசல்கள் கட்டிய மரத்தடியில் ஒரு கிணறு. நேர்த்திக்குக் கட்டுகிறார்களாம். வயல் நடுவே தனியாக ஒரு முள்மரம். உழுகிறவன்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போவானாம், வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாதாம். "எங்கடை வைரவர் மரம்தான்" என்று மிஸ் வாய்விட்டுச் சொன்னார். மறுத்து எழுதத் தொடங்கிய கடிதம் கேள்விக் கடிதமாக முடிந்தது. பாலத்துக்கு எத்தினை வளைவு? வளைவின் அகலம் எத்தினை அடி? கிணத்திலையிருந்து தேவாலயம் எத்தினை யார்? போட்டோவை நம்பேலாது, நடந்து பார்த்து எழுது.

பாவம் கௌரி. ஞாயிற்றுக்கிழமைகளில் மழைச்சட்டை போட்டுக்கொண்டு கில்லவீன் முழுக்க அடியெண்ணித் திரிந்தாள். ஐந்து மாதத்தில் பதினேழு கடிதம் போய்வந்தது. குறையில்லாமல் மிஸ்ஸுக்கு அந்த ஊர் பிடிபட்டுவிட்டது. எந்த வேலியில் எந்தக் குருவி கூடுகட்டும், வௌவால்கள் பாலத்தின் எந்த வளைவில் தொங்கும், ஆற்றங்கரையில் நீண்ட சொண்டுக் குருவி எந்த மாதம் வந்திறங்கும் எல்லாம் சொல்லுவார். மர்லியா தேத்தண்ணி கொண்டுவந்தால் தப்ப முடியாது. "மிஸ், அந்த ஊருக்கு இன்னும் ஒரு மாசத்துல நீங்க கிராம சேவகர்தான்" என்று மர்லியா சிரிப்பார்.

ஊரின் மேற்கே மேட்டில் ஆயிரம் வருடத்துக்கு முந்திய வட்ட மண்கோட்டை ஒன்று இருந்தது. அதன் அடியில் கல்லால் கட்டிய ஒரு சுரங்கம். கொள்ளைக்காரர் கப்பலில் வந்த காலத்தில் சனங்கள் பிள்ளைகுட்டியோடு அதற்குள் இறங்கி ஒளிந்திருந்தார்களாம். மிஸ் பென்சிலால் அந்த இடத்தில் தனக்கு விளங்கத் தமிழில் ஒரு குறிப்பு எழுதினார்: "பங்கர். ஆக்கள் ஒளிக்கிறது." வேறென்ன எழுதுவது? வன்னியில் ஒவ்வொரு வளவிலும் குண்டுக்குப் பயந்து வெட்டிவைத்திருப்பதும் அதுதானே.

ஆற்றோரம் ஒருகாலம் தானியம் அரைத்து, இப்போது இடிந்துபோன மாவாலை ஒன்று இருந்தது. அதன் சுவர்ப்பொந்தில் கூகைச் சோடி ஒன்று குடியிருந்தது. எங்களில் கூகை கத்தினால் இழவு என்று துரத்துவோம். அங்கே அது அருகிப்போய், சங்கத்தார் கண்ணுக்குள் வைத்துக் காத்தார்கள். மிஸ் அந்த இடத்தில் அழகாக ஒரு கூகை கீறினார். கௌரி பதறி எழுதினாள். "அக்கா, கூகையை அழியுங்கோ. இடம் தெரிஞ்சால் படம் எடுக்கிறவங்கள் லைட் அடிச்சுக்கொண்டு போவாங்கள், அது முட்டையை விட்டிட்டுப் போயிடும். ஊருக்குத் தெரியும், பலகைக்குத் தெரியத் தேவையில்லை எண்டு சங்கத்திலை சொல்லினம்."

உள்ளதை இல்லை என்று கீறி மிஸ்ஸுக்குப் பழக்கமில்லை. இரண்டு நாள் யோசித்தார். பிறகு பிளேட்டால் கூகையைச் சுரண்டி, நகத்தால் தேய்த்து மினுக்கினார்.

ஆனி முதற்கிழமை படம் முடிந்தது. முதலிரண்டு கட்டத்திலும் பெயரைப் போட்டார். மூன்றாவது கட்டத்தின் முன்னே பேனை நின்றுவிட்டது. பழைய மேலதிகாரி கண்டியில், கண்பார்வை போய்விட்டது. கூட வேலை செய்தவர்கள் பாதிப்பேர் கனடாவில். "வெறுமையா அனுப்புங்கோ, ஆர் பார்க்கப்போறான்" என்று கௌரி தொலைபேசியில் சொன்னாள். "நான் பார்ப்பன்" என்று சொல்லி மிஸ் தொலைபேசியை வைத்துவிட்டார். ஆடி முதலாந் திகதிக்குள் அச்சகத்துக்குப் போகவேண்டிய படம், பத்து நாளாகச் சுருட்டியபடி மேசையில் கிடந்தது.

பதினோராம் நாள் காலை ஏழு மணிக்கு, பொலிஸ் தெருவை அடைத்து வீடுவீடாகச் சோதிக்கிற சுற்றிவளைப்பு. அந்த நாட்களில் வெள்ளவத்தையில் அது பால்காரன் வருகிறமாதிரி. அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் நீட்டினால் போய்விடுவார்கள். அன்றைக்கு வந்த இன்ஸ்பெக்டர் மேசையில் கிடந்த சுருளை விரித்தார். பாலம். கோட்டை. ஆற்றங்கரைப் பாதை. பென்சிலில் ஒரு தமிழ்க் குறிப்பு. தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் அதை வாசித்துச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் அறை முழுக்கத் தேடச் சொன்னார். மிஸ் தான் அனுப்பியவற்றுக்கும் கொப்பி எடுத்துச் சேர்த்து வைத்திருந்த கடிதக் கட்டையும் எடுத்தார்கள். கான்ஸ்டபிள் சத்தமாக வாசித்தான்: பாலத்துக்கு எத்தினை வளைவு, கூகை எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது.

"கூகை என்பது யாருடைய பெயர்?" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

"அது கூகைதான், சேர்" என்றார் மிஸ். உண்மை சிலவேளை எவ்வளவு மோசமாகக் காதில் விழுகிறது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

படம், கடிதம், பேனைப்பெட்டி, மிஸ் எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அயர்லாந்து என்று சொன்னதையும், கடித உறைகளில் இருந்த முத்திரையையும் ஒருவரும் நம்பவில்லை. ஊர்ப்பெயர்கள் இரகசியப் பெயர்களாம். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, சுரண்டிய இடத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே என்ன இருந்தது என்று கேட்டார்கள். கூகை இருந்தது என்றார். அத்தோடு விசாரணை இன்னும் இறுகியது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போனவர்கள் வருடக்கணக்கில் வெளியே வராததை மிஸ் அறிவார். சுவரோர மர வாங்கில் குந்தினார். சேலையை இழுத்துப் போர்த்துக்கொண்டார்.

மர்லியா சோற்றுப் பார்சலோடு வந்து வாசலில் நின்றார். பொலிஸ்காரனிடம் சிங்களத்தில் சண்டை பிடித்துவிட்டு, மிஸ்ஸிடம் தமிழில் சொன்னார்: "ஒண்டும் யோசிக்க வாணாம் மிஸ். நான் இங்கதான் ஈக்கிறன்." சொன்னபடியே இரண்டு நாளும் வந்து நின்றார்.

இரண்டாம் நாள் மதியம், படம் எந்த இடத்தினது என்று கண்டுபிடிக்க இராணுவத்தின் பொறியியல் பிரிவிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். கப்டன் எக்கநாயக்க. முப்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர். கத்தவில்லை, முறைக்கவில்லை. மேசையில் படத்தை விரித்து நாலு மூலையிலும் பாரம் வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்தார். அரைமணி நேரம் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். எதிரில் இருந்த மிஸ் பயத்தை மறந்து அவருடைய கண் போகிற வழியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். முதலில் அளவுகோல், பிறகு திசை, பிறகு நீர். படித்த கண்.

கப்டன் வடக்குக் குறியில் நின்றார். அங்கே இரண்டு அம்புகள் இருந்தன. ஒன்று நேர் வடக்கு. மற்றது திசைகாட்டி முள் காட்டும் வடக்கு. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாயிராது, இடத்துக்கு இடம் விலகும். பலகை பார்க்கிற யாருக்கும் அது தேவையில்லை. ஆனாலும் மிஸ் பழைய வரைபட விளிம்பிலிருந்த கணக்கை எடுத்து, வருடத்துக்கு வருடம் மாறுவதைக் கழித்துச் சரியாகப் போட்டிருந்தார்.

"எட்டுப் பாகை" என்று கப்டன் இன்ஸ்பெக்டருக்குச் சொன்னார். "இலங்கையில் எந்த மூலைக்குப் போனாலும் இது மூன்று பாகை வராது. இந்தப் படம் இந்த நாடே இல்லை. பொய்க்குப் படம் கீறுகிறவன் இதையெல்லாம் போட மாட்டான்."

மிஸ்ஸுக்கு மூச்சு வந்தது. ஆனால் கப்டன் கண்ணாடியை வைக்கவில்லை.

"ஒன்று கேட்கட்டுமா? இந்தக் கிணற்றடி ஓடை மேட்டில் ஏறுகிறதே."

மிஸ் எழுந்து குனிந்து பார்த்தார். உண்மை. மேடுபள்ளம் காட்டும் உயரக்கோடு ஒன்றைப் பிரதி எடுக்கும்போது தாள் அசைந்திருக்கிறது. தண்ணீர் இறங்கி வந்து, கொஞ்சம் யோசித்து, திரும்ப மேலே ஏறியது. கைதானபோது சிவக்காத முகம் இப்போது சிவந்தது.

"ஒரு பிளேட் வேணும்" என்றார்.

பிடிபட்ட ஆளுக்கு பிளேட் கொடுக்க முடியாது என்று இன்ஸ்பெக்டர் சட்டம் பேசினார். கப்டன் பேனைப்பெட்டியிலிருந்து தானே ஒன்றை எடுத்து நீட்டினார். மிஸ் சுரண்டினார், தட்டை நகத்தால் தேய்த்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு புதுக்கோடு இழுத்தார். ஓடை ஒழுங்காகக் கீழே இறங்கியது. பொலிஸ் நிலையத்தில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

கப்டன் மற்றவர்களை வெளியே அனுப்பினார். ஒரு வெள்ளைத் தாளை மிஸ்ஸின் பக்கம் தள்ளினார்.

"உங்கள் சொந்த ஊர் நெடுங்கேணிக்கு அந்தப் பக்கம் என்று பதிவில் இருக்கிறது. எங்களிடமுள்ள படம் பழையது. குளக்கட்டு, தண்ணீர் திறக்கிற துருசு, வண்டில் பாதைகள், வீடுகள். உங்களுக்கு ஒரு மணித்தியால வேலை. கீறிவிட்டு இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்."

குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அதுதான் மிஸ்ஸை இன்னும் பயமுறுத்தியது. அந்தக் குளக்கட்டின் கீழே அண்ணன் குடும்பம் இருந்தது. இன்னும் முப்பது வீடுகள் இருந்தன. எந்த வளவில் எங்கே பங்கர் என்றுகூட அண்ணனின் கடிதங்களில் வந்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கீறலாம். கீறாவிட்டால் இந்த வாங்கு, இதற்குப் பிறகு இதைவிட மோசமான வாங்கு. கை தன்பாட்டில் தாளின்மேல் போயிருந்தது. மிஸ் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் அந்த ஊரைப் பார்த்து முப்பது வருஷமாச்சு, சேர். பார்க்காததைக் கீறமாட்டன்."

"இந்த ஊரையும் நீங்கள் பார்த்ததில்லையே."

"ஓம். பார்க்கேல்லை." மிஸ் மேசையிலிருந்த படத்தைத் தொட்டுக் காட்டினார். "ஆனா இதைக் கீறச் சொல்லி அங்கை இருக்கிற சனங்களே கேட்டவை. அவை போடச் சொன்னதைப் போட்டனான். வேண்டாமெண்ட கூகையை அழிச்சனான். எங்கடை ஊர்ச்சனம் என்னை ஒண்டும் கேட்கேல்லை."

கப்டன் படத்தில் அந்தச் சுரண்டிய இடத்தைப் பார்த்தார். ஏன் கூகையை அழித்தீர்கள் என்று கேட்டார். மிஸ் சொன்னார். லைட், முட்டை, படம் எடுக்கிறவர்கள், எல்லாம். அவர் வெள்ளைத் தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். வாசலைத் திறந்து, "இந்த அம்மாவை விடுங்கள், இது அயர்லாந்து" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்.

வேறு யாராக இருந்தாலும் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடியிருப்பார்கள். மிஸ் போகவில்லை. படத்தின் வலதுமூலையில் விரலை வைத்தார்.

"இதிலை ஒரு கையெழுத்து வேணும், சேர். பிழை கண்டுபிடிச்சது நீங்கள்தானே."

கப்டன் முதன்முறையாகச் சிரித்தார். மூன்றாம் கட்டத்தில், பொடி எழுத்தில், கோட்டில் முட்டாமல் ஒப்பமிட்டார். பேனையைத் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தார். அதை மிஸ் கவனித்தார்.

வாசலில் மர்லியா இருந்தார். மிஸ்ஸைக் கண்டதும் அழுதுகொண்டே கட்டிப்பிடித்தார். "தள்ளு பிள்ளை, படம் கசங்கும்" என்று சொல்லிவிட்டு, மிஸ்ஸும் நடுறோட்டில் நின்று அழுதார். மறுநாளே படம் தபாலில் போனது.

அந்த வருடக் கடைசியில் மிஸ்ஸின் ஊர்ப்பக்கம் சண்டை வந்தது. யாருடைய படத்தோடு போனார்களோ தெரியாது, மிஸ்ஸின் படத்தோடு அல்ல. அண்ணன் குடும்பம் அதற்கு முன்பே இடம்பெயர்ந்து, மாங்குளத்துக்கு மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதாகக் கடிதம் வந்தது. ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

அதற்கு முன்னால், புரட்டாதியில், கௌரியின் கடிதம் போட்டோவோடு வந்திருந்தது. கில்லவீன் சந்தியில் ஆளுயரப் பலகை. மழைக்குள் குடையோடு ஊரே நிற்கிறது. பாலத்தில் வௌவால், பாறையில் நீர்நாய், வயல் நடுவே முள்மரம். இடிந்த மாவாலை மட்டும் வெறுஞ்சுவராக இருந்தது. கூகை நாலு குஞ்சு பொரித்ததாகக் கௌரி எழுதியிருந்தாள். மூலையில் மூன்று கட்டங்களும் அப்படியே அச்சாகியிருந்தன. மூன்றாவதிலுள்ள கப்டன் எக்கநாயக்க ஆரென்று சங்கத்தில் எல்லாரும் கேட்கினம், நான் என்ன சொல்ல என்று கேட்டிருந்தாள்.

மிஸ் அன்றைக்கே பதில் எழுதினார்.

"ஓடை மேட்டிலை ஏறினதைப் பிடிச்சவர். கூகை எங்கை இருக்குதெண்டும் அவருக்குத் தெரியும். என்ரை ஊர்க் குளக்கட்டின்ரை கீழை சனம் இருக்குதெண்டும் தெரியும். ரெண்டையும் கீறாமல் விட்டவர் எண்டு சொல்லு."